முதல் சந்திப்பிலிருந்து முதல் திட்டம் வரை: கேஸ் வொர்க்கிற்குப் புதியவர்களுக்கு

கேஸ் வொர்க்கில், அதாவது பிரச்சினையோடு வரும் ஒருவருடனோ குடும்பத்துடனோ நேரடியாகச் செய்யும் சமூகப்பணியில், புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது ஒரே இடத்தில்தான்: வந்தவர் பேசி முடிப்பதற்குள் உதவத் தொடங்கிவிடுகிறார்கள். கணவர் குடிக்கிறார் என்றதும் மறுவாழ்வு மையத்தின் எண்ணைத் தருவார்கள். வருமானம் இல்லை என்றதும் ஓய்வூதிய விண்ணப்பத்தை நீட்டுவார்கள். அவர் எதற்காக வந்தார் என்பது கடைசிவரை தெரியாமலே போய்விடும்.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். 38 வயது அம்மா ஒருவர். எட்டாம் வகுப்பு படிக்கும் மகன் ஒரு மாதமாகப் பள்ளிக்கு வரவில்லை என்று ஆசிரியர் உங்களிடம் அனுப்பியிருக்கிறார்.

1. இடமும் நேரமும்

மேசைக்கு எதிரெதிரே உட்கார்ந்தால் அதிகாரியிடம் மனு கொடுக்க வந்ததுபோல் ஆகிவிடும். மேசை மூலையை ஒட்டிப் பக்கவாட்டில் உட்காருங்கள். பேசுவது பிறர் காதில் விழக்கூடாது. 45 நிமிடம் ஒதுக்கி, அதை அவரிடமும் சொல்லுங்கள். கூட வந்த மாமியாரையோ கணவரையோ கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொல்வதில் தயக்கம் வேண்டாம்.

2. ரகசியம் பற்றி முதலிலேயே பேசுங்கள்

“யார்கிட்டயும் சொல்லமாட்டேன்” என்று வாக்குக் கொடுக்காதீர்கள். இப்படிச் சொல்லலாம்: “நீங்க சொல்றது எனக்கும் என் மேற்பார்வையாளருக்கும் மட்டும்தாம்மா தெரியும். ஆனா யாரோட உயிருக்காவது ஆபத்துன்னாலோ, குழந்தைக்குப் பாலியல் தொந்தரவுன்னாலோ நான் சொல்லியே ஆகணும்.” போக்சோ சட்டத்தின் (2012) 19ஆம் பிரிவின்படி, குழந்தைக்கு நடந்த பாலியல் குற்றம் தெரியவந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம், தெரிவிக்காமல் விடுவதே தண்டனைக்குரியது. எல்லாவற்றையும் கொட்டிய பிறகு இதைச் சொன்னால், ஏமாற்றிவிட்டதாகத்தான் அவருக்குத் தோன்றும்.

3. கேட்பது

“ஏன் பையனை அனுப்பல?” என்ற கேள்வி அவரைக் கூண்டில் ஏற்றிவிடும். “எப்போலேருந்து போகலம்மா? அதுக்கு முந்தின வாரம் வீட்டுல என்ன நடந்துச்சு?” என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அந்த மௌனத்தை அவசரப்பட்டு நிரப்பும்போதுதான் முக்கியமான செய்தி நழுவும். அழுதால் அழட்டும். “எல்லாம் சரியாயிடும்” என்று மட்டும் சொல்லாதீர்கள். சரியாகுமா என்று உங்களுக்கே தெரியாது.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டதைத் திருப்பிச் சொல்லுங்கள்: “நான் புரிஞ்சுக்கிட்டது சரியான்னு பாருங்க. அவன் பக்கத்துல இல்லாதப்ப அவங்கப்பா உங்கள அடிக்கிறாரு, அதனால அவன் வீட்டைவிட்டு நகர மாட்டேங்கிறான்.” அவர் தலையசைத்தால், பள்ளிப் பிரச்சினையாக வந்தது வீட்டு வன்முறை என்று தெரிந்துவிடும்.

இந்த நிலையில் ஒரு கேள்வியைத் தவிர்க்கவே கூடாது: “செத்துடலாம்னு நினைப்பு வந்திருக்காம்மா?” கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, பலருக்கு அது பாரம் இறங்கும் கேள்வி. ஆம் என்றால், எப்படி என்று யோசித்திருக்கிறாரா, வீட்டில் பூச்சிமருந்தோ மாத்திரைகளோ இருக்கின்றனவா என்று கேளுங்கள். தனியாக அனுப்பாமல், அன்றே மேற்பார்வையாளரிடமும் மனநல மருத்துவரிடமும் கொண்டு சேருங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணையும் எழுதிக் கொடுங்கள்.

4. வீட்டுக்குப் போவது

அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள். நிறுவனப் பெயர் எழுதிய வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்துங்கள். அக்கம்பக்கத்தார் கேள்விக்கு நாளை பதில் சொல்லவேண்டியவர் அவர்தான். தண்ணீர் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். தனியாகச் சொன்ன எதையும் கணவர் முன் எடுக்காதீர்கள். அன்று இரவு அதற்கு அடி விழலாம். இருவரையும் சேர்த்து உட்காரவைத்துச் சமரசம் பேசுவதும் இதே காரணத்தால் ஆபத்து.

கணவர் தினமும் அதிகம் குடிப்பவரா? “இன்னிக்கே நிறுத்துங்க” என்று சொல்லாதீர்கள். சட்டென நிறுத்தினால் 2, 3 நாட்களுக்குள் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம், உயிரும் போகலாம். மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்தவேண்டும்.

5. ஜெனோகிராம்

ஜெனோகிராம் என்பது குடும்ப உறவுகளைக் குறியீடுகளால் காட்டும் வரைபடம். மூன்று தலைமுறை போதும். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர்மேல் பெருக்கல் குறி, யாருக்காக வரைகிறோமோ அவருக்கு இரட்டைக் கோடு. ஒரே வீட்டில் இருப்பவர்களைச் சுற்றிப் புள்ளிக் கோடு போடுங்கள். அவர் எதிரிலேயே வரையுங்கள். “எங்க அண்ணன் இருக்காரு, பேசி ரெண்டு வருஷமாச்சு” என்பதுபோன்ற செய்திகள் அப்போதுதான் வெளிவரும்.

6. எழுதுவது

24 மணி நேரத்துக்குள் எழுதிவிடுங்கள். அவர் சொன்னது, நீங்கள் பார்த்தது, நீங்கள் நினைப்பது மூன்றும் தனித்தனியாக இருக்கவேண்டும். “கணவர் குடிகாரர்” என்பது தீர்ப்பு. “வாரத்தில் 4 நாள் குடிப்பதாக மனைவி சொல்கிறார்” என்பது பதிவு. நாளை நீதிமன்றம் கேட்டாலும் இரண்டாவது நிற்கும்.

7. திட்டம்

என்ன மாறவேண்டும் என்பதை அவரே சொல்லட்டும். “பையன் படிக்கணும், நான் அடிவாங்கக் கூடாது” என்றால் அந்த இரண்டும்தான் இலக்கு. பிரிந்து போவது நல்லது என்று உங்களுக்குப் பட்டாலும் அந்த முடிவு அவருடையது. 2005 குடும்ப வன்முறைச் சட்டம் தரும் பாதுகாப்பு, மாவட்டப் பாதுகாப்பு அலுவலர், 181 பெண்கள் உதவி எண் ஆகியவற்றைச் சொல்லிவிட்டு யோசிக்க நேரம் கொடுங்கள். அவசர இரவில் எங்கே போவார், ஆதாரும் ரேஷன் கார்டும் எங்கே இருக்கும் என்பதை மட்டும் இன்றே பேசி முடியுங்கள்.

வேலையைப் பிரித்து, நாள் குறியுங்கள். ஆசிரியரிடம் பேசுவது உங்கள் வேலை, வெள்ளிக்குள். அண்ணனுக்கு போன் செய்வது அவர் வேலை. அதை நீங்களே செய்துவிட்டால் வேகமாக முடியும். ஆனால் அடுத்த முறையும் உங்களைத்தான் எதிர்பார்ப்பார்.

களப்பயிற்சி மாணவராக இருந்தால், கிளம்பும் தேதியை மூன்று சந்திப்புகளுக்கு முன்பே சொல்லி, அடுத்து வருபவரை நேரில் அழைத்துப்போய் அறிமுகம் செய்யுங்கள்.