தார் வண்டியில் கூடுதல் எல்இடி ரிவர்ஸ் விளக்கு: ரிலே வைத்து வயரிங் செய்யும் முறை

இரவில் காட்டுப் பாதையில் பின்னால் வர வேண்டியிருக்கும்போது, வண்டியோடு வரும் ரிவர்ஸ் விளக்கின் வெளிச்சம் போதவே போதாது. அதனால் மஹிந்திரா தார் வைத்திருப்பவர்கள் பலர் பின் பம்பரில் இரண்டு எல்இடி விளக்குகளைப் பொருத்திக்கொள்கிறார்கள். அவற்றைப் பழைய விளக்கின் வயரிலேயே இணைத்துவிடுவது சுலபமாகத் தோன்றினாலும், நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். வழக்கமான ரிவர்ஸ் பல்பு 21 வாட், அதாவது 12 வோல்ட்டில் 1.75 ஆம்பியர்தான் இழுக்கும். 18 வாட் விளக்குகள் இரண்டைச் சேர்த்தால் அந்தச் சுற்றில் மேலும் 3 ஆம்பியர் ஏறும். ரிலே என்பது சிறு மின்சாரத்தால் இயங்கி, பெரிய மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் சுவிட்ச். அதை வைத்தால் பழைய வயரிலிருந்து ரிலேயின் சுருளுக்குத் தேவையான ஏறக்குறைய 0.15 ஆம்பியர் மட்டுமே எடுக்கப்படும், விளக்குகளுக்கான மின்சாரம் பேட்டரியிலிருந்து நேரடியாக வரும்.

தேவையானவை: நான்கு முனை கொண்ட 12 வோல்ட் ரிலே, நீர் புகாத ஃபியூஸ் ஹோல்டர், 5 ஆம்பியர் ஃபியூஸ், 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், வயரில் நசுக்கிப் பொருத்தும் கிரிம்ப் முனைகள், சூடாக்கினால் சுருங்கி மூடும் ஹீட் ஷிரிங்க் குழாய், மல்டிமீட்டர். மெல்லிய வயர் வாங்கிச் சிக்கனம் பார்க்க வேண்டாம்: 5 மீட்டர் தூரத்தில் 3 ஆம்பியர் ஓடும்போது 1.5 சதுர மில்லிமீட்டர் வயரில் இழப்பு 0.2 வோல்ட்டுக்குள் அடங்கிவிடும், 0.5 சதுர மில்லிமீட்டரில் அதுவே அரை வோல்ட்டாகிவிடும்.

முதலில் ரிவர்ஸ் வயரைக் கண்டுபிடியுங்கள். சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, இன்ஜினை ஓடவிடாமல் இக்னிஷனை மட்டும் போட்டு, ரிவர்ஸ் கியரில் வையுங்கள். பின் விளக்கின் சாக்கெட்டில் எந்த வயர் எர்த்துடன் (வண்டியின் உலோக உடலுடன்) சுமார் 12 வோல்ட் காட்டி, நியூட்ரலுக்கு வந்ததும் சுழியத்துக்கு இறங்குகிறதோ, அதுவே நமக்கு வேண்டியது. நிறத்தை மட்டும் நம்பி வெட்டாதீர்கள். மாடலுக்கு மாடல் அது மாறலாம். கண்டுபிடித்ததும் இக்னிஷனை அணைத்துவிட்டு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். அதை மீண்டும் மாட்டுவது கடைசி வேலை.

ரிலேயைப் பின் விளக்குக்கு அருகே, உடலின் உள்பக்கமாக, முனைகள் கீழ்நோக்கி இருக்குமாறு பொருத்துங்கள். அங்கே வைத்தால் முன்னாலிருந்து ஒரே ஒரு வயரை இழுத்து வந்தால் போதும். ரிலேயின் முனைகளில் எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 30 என்பதில் பேட்டரியிலிருந்து வரும் வயர், 87-இல் இரு விளக்குகளின் பாசிட்டிவ், 86-இல் ரிவர்ஸ் வயர், 85-இல் எர்த். ரிலேக்குள் டையோடு (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம்) இருந்தால் 85-ஐயும் 86-ஐயும் மாற்றிக் கொடுக்கக் கூடாது. சாதாரண ரிலேயில் அது பொருட்டில்லை. ஃபியூஸ் ஹோல்டர் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும், ஏனென்றால் ஃபியூஸுக்கு முன்னால் உள்ள வயர் எங்காவது உரசி உடலைத் தொட்டால் அதைக் காக்க எதுவும் இல்லை.

வயரைச் சுருள் குழாய்க்குள் விட்டு, சைலன்சருக்கும் புரொப்பல்லர் ஷாஃப்டுக்கும் எட்டாதபடி சேஸியை ஒட்டிக் கட்டி வாருங்கள். தகட்டைத் துளைக்கும் ஒவ்வோர் இடத்திலும் வயர் உரசாமல் காக்கும் ரப்பர் வளையம் (கிரோமெட்) தேவை. எர்த் இணைப்பில்தான் புதியவர்கள் பெரும்பாலும் தவறுகிறார்கள்: பெயின்டைச் சுரண்டி வெறும் இரும்பில் போல்ட் போட்டு, மேலே கிரீஸ் தடவுங்கள். என் முதல் வண்டியில் பெயின்டின் மேலேயே முறுக்கிவிட்டு, விளக்கு மினுக்குவதற்கு விளக்கையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். 2020-இல் வந்த தார் 650 மில்லிமீட்டர் நீரைக் கடக்கும் என்பதால் பம்பர் விளக்குகள் மூழ்கத்தான் செய்யும். ஆகவே தூசியும் நீரும் புகாத ஐபி67 தரமுள்ள விளக்குகளாகப் பாருங்கள், பசையுள்ள ஹீட் ஷிரிங்கால் ஒவ்வோர் இணைப்பையும் மூடுங்கள்.

டேஷ்போர்டில் தனி சுவிட்ச் வைத்து, கியர் போடாமலும் எரியச் செய்யும் ஆசை பலருக்கு உண்டு. பின்னோக்கி எடுக்கும் நேரம் தவிர, சாலையில் பின்பக்கம் வெள்ளை ஒளி காட்டுவதை 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் அனுமதிப்பதில்லை. பின்னால் வருபவருக்கும் கண் கூசும். எனவே அதை விட்டுவிடலாம்.

பேட்டரியை மாட்டி ரிவர்ஸ் போட்டால் ரிலேயிலிருந்து 'டிக்' என்ற ஒலி கேட்டு விளக்குகள் எரிய வேண்டும், நியூட்ரலில் அணைய வேண்டும். பத்து நிமிடம் எரியவிட்டு ஃபியூஸ் ஹோல்டரையும் இணைப்புகளையும் தொட்டுப் பாருங்கள். எங்காவது சூடு தெரிந்தால் அந்த கிரிம்பை வெட்டிவிட்டு மறுபடி போடுங்கள்.