தரையில் துள்ளும் மாட் விமானத்தை அடக்குவது எப்படி?

மைக்ரோசாஃப்ட் காம்பாட் ஃபிளைட் சிமுலேட்டர் 2 வெளிவந்தது 2000-இல். சேலத்தில் இன்னும் அதை விளையாடுகிறவர்கள் இருக்கிறோம். பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும், மாட் விமானங்களுக்கும், அதாவது ரசிகர்களே செய்து சேர்க்கும் விமானங்களுக்கும், பஞ்சமில்லை. ஆனால் அவற்றில் பல வானத்தில் ஒழுங்காகப் பறக்கும், தரையில்தான் மானத்தை வாங்கும். ஓடுதளத்தில் வந்து நின்றதும் குதிக்கும், பிரேக் தொட்டால் மூக்கைக் குத்தும், இறங்கியபின் பக்கவாட்டில் சுழலும்.

பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். மாட் செய்தவர் புது உருவத்தைச் செய்துவிட்டு, சக்கரக் கணக்கை வேறொரு விமானத்திலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியிருப்பார். கண்ணுக்குத் தெரியும் சக்கரம் ஒரு இடத்தில், விளையாட்டு நம்பும் சக்கரம் இன்னொரு இடத்தில். அதனால் முதலில் அளவு, அப்புறம் ஸ்பிரிங், கடைசியில்தான் பிரேக். இந்த வரிசையை மாற்றினால் ஒரு வாரம் உட்கார்ந்தாலும் முடியாது.

கோப்பைத் திறப்பது

விமானத்தின் ஃபோல்டரில் ஏர்கிராஃப்ட்.சிஎஃப்ஜி (aircraft.cfg) என்ற கோப்பு இருக்கும். தொடுவதற்கு முன் ஒரு நகல் எடுத்து வேறு ஃபோல்டரில் வையுங்கள். பிறகு நோட்பேடில் திறக்கலாம். சிடியிலிருந்து வந்த கோப்பு ரீட் ஒன்லியாக இருக்கக்கூடும். பிராப்பர்ட்டீஸில் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். விளையாட்டு புரோகிராம் ஃபைல்ஸுக்குள் இருந்தால் நீங்கள் சேமித்த மாற்றத்தை விண்டோஸ் வேறெங்காவது கொண்டுபோய் வைத்துவிடும். அதற்கு முழு ஃபோல்டரையும் டி டிரைவுக்கு மாற்றிவிடுவது நல்லது.

உள்ளே காண்டாக்ட் பாயிண்ட்ஸ் என்ற பகுதியைத் தேடுங்கள். இடது சக்கரத்தின் வரி இப்படி இருக்கும்:

1, 2.5, -5.0, -7.0, 1600, 1, 1.2, 0, 0.5, 2.5, 0.8, 6, 6, 2, 150, 180

மிரள வேண்டாம், எல்லாம் நமக்குத் தேவையில்லை. 1-ஆம் எண் வகை: 1 என்றால் சக்கரம், 2 என்றால் தரையில் உரசும் உடல் பாகம். 2, 3, 4-ஆம் எண்கள் விமானத்தின் பூஜ்யப் புள்ளியிலிருந்து அளந்த இடம், எல்லாம் அடிக் கணக்கில். முன்பக்கம், வலப்பக்கம், மேல்பக்கம் பாசிட்டிவ். ஆகவே இந்தச் சக்கரம் 2.5 அடி முன்னால், 5 அடி இடது புறம், 7 அடி கீழே இருக்கிறது. 5-ஆம் எண் எவ்வளவு வேகமாக மோதினால் உடையும் என்பது, நிமிடத்துக்கு இத்தனை அடி. 8-ஆம் எண் சக்கரம் திரும்பும் கோணம். 180 போட்டால் எந்தப் பக்கமும் தானாகச் சுழலும். 9, 10, 11 மூன்றும் ஸ்பிரிங்.

நிற்கும்போது குதித்தால்

இதே பகுதியில் ஸ்டாட்டிக் பிட்ச், ஸ்டாட்டிக் சிஜி ஹைட் என்று இரண்டு வரிகள் உண்டு (சிஜி என்றால் ஈர்ப்பு மையம்). விமானத்தை எந்தக் கோணத்தில், எவ்வளவு உயரத்தில் ஓடுதளத்தில் வைப்பது என்று சொல்பவை இவை. உயரம் அதிகமானால் மேலிருந்து விழும். குறைந்தால் சக்கரம் தரைக்குள் புதைந்து, ஸ்பிரிங் தூக்கி எறியும்.

கணக்குப் போட்டுவிடலாம். 9-ஆம் எண் 0.5 என்றால் காலி விமானம் நிற்கும்போது சக்கரத்தைத் தாங்கும் கால் அரை அடி அமுங்குகிறது. அப்படியானால் சக்கரம் 7 அடியில் அல்ல, 6.5 அடியில். வால்சக்கரம் 20 அடி பின்னால், 2.2 அடி கீழே, அமுக்கம் 0.2 என்று வைத்தால் அது 2 அடியில். இரண்டுக்கும் வித்தியாசம் 4.5 அடி, நடுவே தூரம் 22.5 அடி. வகுத்தால் 0.2, கால்குலேட்டரில் டான் இன்வர்ஸ் அழுத்தினால் 11.3 டிகிரி. ஸ்டாட்டிக் பிட்ச் அதுதான். ஈர்ப்பு மையம் பூஜ்யத்தில் இருந்தால் அதற்கு நேர் கீழே, இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் சாய்கோடு, அதாவது தரைக்கோடு, 6 அடியில் வரும். அதை 11.3-இன் காஸால் பெருக்கினால் 5.88, அதுவே உயரம். பத்தாம் வகுப்பு முக்கோணவியல் இதற்காவது பயன்படட்டும்.

இதற்குப் பிறகும் நடுங்கினால் வகை 2 புள்ளிகளைப் பாருங்கள். புரொப்பெல்லர் நுனியோ வயிறோ இந்தத் தரைக்கோட்டுக்குக் கீழே இருந்தால், சக்கரமும் அதுவும் மாறி மாறித் தரையை உதைக்கும். இதைப் பலர் கவனிப்பதே இல்லை.

இறங்கும்போது துள்ளினால்

9-ஆம் எண் சிறியதாக இருந்தால் கால் விறைப்பு. 11-ஆம் எண் தணிப்பு: 0 என்றால் ஆடிக்கொண்டே இருக்கும், 1 என்றால் ஆட்டமின்றி அடங்கும். ஷாக் அப்சார்பர் போன பைக்கில் ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கியவர்களுக்கு இந்த எண்ணின் அருமை தெரியும். 0.6-க்கும் 0.95-க்கும் இடையில் வையுங்கள். 9-ஆம் எண்ணை 0.1 அடியாக ஏற்றிப் பாருங்கள், ஒவ்வொரு முறையும் உயரக் கணக்கைத் திருத்தியபடி. 5-ஆம் எண்ணை 5000 ஆக்கி உடையாமல் செய்வது வைத்தியம் அல்ல, ஏமாற்று.

மூக்கைக் குத்தினால், சுழன்றால்

காமலாபுரத்தில், நம் சேலம் விமான நிலையத்தில், இறங்கும் ஏடிஆர் பயணிகள் விமானத்துக்கு முக்கியச் சக்கரங்கள் ஈர்ப்பு மையத்துக்குப் பின்னால் இருக்கின்றன. கொஞ்சம் கோணலாக இறங்கினாலும் அது தானே நேராகும். உலகப் போர்க் காலத்து வால்சக்கர விமானத்தில் அவை முன்னால். அதனால் கோணல் தானாகவே கூடும்.

பிரேக்கில் மூக்குக் குத்தினால் முன்சக்கரங்கள் இரண்டின் 2-ஆம் எண்ணையும் 2.5-இலிருந்து 2.8 ஆக்கலாம். ஆனால் சக்கரம் முன்னே போகப் போகச் சுழலும் குணம் கூடும், வாலும் எளிதில் எழாது. சுழலுவதுதான் தொல்லை என்றால் வால்சக்கரத்தின் 8-ஆம் எண்ணில் 180 இருக்கிறதா பாருங்கள்; 30 அல்லது 40 வைத்தால் பெடலுக்குக் கட்டுப்படும்.

கோளாறு எது, பிறவிக் குணம் எது என்றும் பிரித்துப் பாருங்கள். கோர்சேர் போர் விமானம் நிஜத்திலேயே விமானந்தாங்கிக் கப்பலில் துள்ளியது, காலில் அதிர்வைத் தாங்கும் ஓலியோ ஸ்டிரட்டை மாற்றியமைத்துத்தான் அடக்கினார்கள். மெஸ்ஸர்ஷ்மிட் 109-க்குக் கால்களின் இடைவெளியே குறுகல். தள்ளாடுகிறதே என்று 3-ஆம் எண்ணை அகட்டினால் அது 109 அல்ல. அதை ஓட்டத்தான் பழக வேண்டும்.

மாற்றம் ஒவ்வொன்றுக்கும் பிறகு, விளையாட்டு கோப்பை மறுபடி படிக்க, வேறு விமானத்தைத் தேர்ந்தெடுத்துத் திரும்ப வாருங்கள், காற்றை நிறுத்திச் சோதியுங்கள். எல்லாம் சரியானதும் முழு எரிபொருள், முழு குண்டுகளோடு ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். 9-ஆம் எண் காலி எடைக்கானது. 10-ஆம் எண் 2.5 என்றால் கால் அதிகபட்சம் அதைப் போல் 2.5 மடங்கு, அதாவது 1.25 அடிதான் அமுங்கும். குண்டு மாட்டியதும் அடிவரை போய்த் தட்டினால் 10-ஆம் எண்ணை 3 ஆக்குங்கள்.