பழைய பெட்ரோல் கோல்ஃப் வண்டி கிளம்பவில்லையா? பாகம் வாங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவுக்குத் தெற்கே இருக்கிறது பீச்ட்ரீ சிட்டி. இங்கே கோல்ஃப் வண்டி மைதானத்துக்கு மட்டும் உரியதல்ல. ஊருக்குள் நூறு மைலுக்கும் மேல் அதற்கென்று பாதைகள் ஓடுகின்றன. பள்ளிக்கூடத்துக்கும் மளிகைக் கடைக்கும் அதிலேயே போய்வருகிறார்கள். முப்பது வயதைத் தாண்டிய வண்டிகள்கூட இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. பாகங்களுக்கும் குறைவில்லை. கோல்ஃப் வண்டி தயாரிக்கும் ஈஸி-கோ, கிளப் கார் நிறுவனங்கள் இரண்டுக்கும் தாயகம் இதே மாநிலத்தின் அகஸ்டா வட்டாரம். யமஹாவின் ஆலை பக்கத்து ஊரான நியூனனில் இருக்கிறது.

பாகம் எளிதாகக் கிடைப்பதுதான் சிக்கலும். புதிதாக ஸ்பேனர் பிடிக்கிறவர்கள், நாங்கள் எல்லோரும் ஒரு காலத்தில் செய்த அதே தவறுகளை வரிசை மாறாமல் செய்வதைப் பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை. டாங்கியில் பெட்ரோல் இருக்கிறதா, பேட்டரி டெர்மினல் சுத்தமாக இருக்கிறதா என்பதையெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள். அதற்கு அப்பால் உள்ள மின்கோளாறுகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

காரைப் போல நினைப்பது

பெரும்பாலான பழைய பெட்ரோல் வண்டிகளில் சாவியைத் திருப்பினால் என்ஜின் சுற்றாது. பெடலை மிதித்தால்தான் சுற்றும். காலை எடுத்தால் நின்றுவிடும். மிதிக்கும்போது பெடலோடு சேர்ந்த மைக்ரோ சுவிட்ச் மூடுகிறது. மின்சாரத்தால் இயங்கும் பெரிய சுவிட்சான சோலனாய்டின் சிறிய முனைகளுக்கு மின்சாரம் போகிறது. அது உள்ளே இரண்டு பெரிய முனைகளையும் இணைக்கிறது. பேட்டரியின் முழு ஓட்டமும் ஸ்டார்ட்டர்-ஜெனரேட்டருக்குள் பாய, பெல்ட் வழியாக என்ஜின் சுழல்கிறது. என்ஜின் பிடித்ததும் அதே இயந்திரம் ஜெனரேட்டராக மாறிப் பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றத் தொடங்குகிறது.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். கார் ஒரு நாளில் ஓரிரு முறை ஸ்டார்ட் ஆகும். இந்த வண்டியோ நின்று கிளம்பும் ஒவ்வொரு முறையும் ஸ்டார்ட் ஆகிறது. கேபிளுக்கும் சோலனாய்டுக்கும் விழுகிற வேலை அத்தனை. தவிர, பெடலை மிதித்திருக்கும் நேரம் முழுவதும் சோலனாய்டு இழுத்த நிலையிலேயே இருக்கிறது. சார்ஜ் ஏறுவதும் அதன் வழியாகத்தான்.

இது தெரியாமல், பார்வைக்கு ஒன்றுபோல இருக்கிறது, விலையும் குறைவு என்று கார் சோலனாய்டை வாங்கி மாட்டுகிறார்கள். அது சில விநாடிகள் மட்டும் இழுத்துப் பிடிப்பதற்காகச் செய்யப்பட்டது. மைதானத்தைச் சுற்றி வருவதற்குள் சுருள் கருகிவிடும். எலெக்ட்ரிக் வண்டிக்கான 36 அல்லது 48 வோல்ட் சோலனாய்டை வாங்கினால் அது 12 வோல்ட்டில் ஒழுங்காக இழுக்காது. தொடர்ந்து மின்சாரம் பாய்ந்தாலும் தாங்கக்கூடிய 12 வோல்ட் சோலனாய்டு என்று கேட்டு வாங்குங்கள்.

'க்ளிக்' சத்தம் கேட்டதால் சோலனாய்டு நலம் என்று முடிவு கட்டுவது

க்ளிக் என்பது சிறிய சுருள் இழுத்ததற்கு மட்டுமே சாட்சி. பெரிய முனைகளுக்கு நடுவில் உள்ள செப்புத் தகடு கருகிக் குழி விழுந்திருந்தாலும் சத்தம் அப்படியேதான் கேட்கும். மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் அந்த இரண்டு பெரிய போல்ட்டுகளில் வைத்து, ஒருவரைப் பெடலை மிதிக்கச் சொல்லுங்கள். மிதிக்காதபோது பேட்டரியின் வோல்ட் தெரிய வேண்டும். மிதித்ததும் ஏறக்குறைய பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும். க்ளிக் கேட்டும் 12 வோல்ட் அப்படியே நின்றால் சோலனாய்டை மாற்றலாம்.

எர்த் பாதையை அளக்காமல் ஸ்டார்ட்டர்-ஜெனரேட்டரை மாற்றுவது

ஸ்டார்ட்டரிலிருந்து பேட்டரியின் மைனஸுக்கு மின்சாரம் திரும்பிப் போகும் வழிதான் எர்த் பாதை. என்னை இன்றுவரை எரிச்சலூட்டுகிற தவறு இதுதான். இந்த வண்டிகளில் பணத்தை அதிகம் விழுங்குவதும் இதுதான்.

கல்லூரி மாணவர் ஒருவர் அலுமினியச் சட்டம் கொண்ட பழைய வண்டி ஒன்றை வாங்கியிருந்தார். மிதித்தால் என்ஜின் 'உர்ர்' என்று அரைச் சுற்றுச் சுற்றி நின்றுவிடும். புதுப் பேட்டரி போட்டார். சரியாகவில்லை. சோலனாய்டை மாற்றினார். அப்போதும் அதே கதை. கடைசியில் நூற்றுக்கணக்கான டாலர் கொடுத்து வேறு ஸ்டார்ட்டர்-ஜெனரேட்டர் வாங்கினார். பழையதைக் கொடுத்தால் விலையில் கழிவு உண்டு என்று கடையில் சொல்ல, அதையும் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் வண்டி என்னிடம் வந்தது.

பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தது. மிதிக்கும்போதுகூட 11.4-க்குக் கீழே இறங்கவில்லை. அதாவது பேட்டரி திடமாக இருந்தது. ஆனால் ஸ்டார்ட்டரில் அளந்தால் எட்டு வோல்ட்கூட இல்லை. மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரியின் மைனஸ் கம்பத்திலும் சிவப்பு முனையை ஸ்டார்ட்டரின் உடம்பிலும் வைத்து மிதிக்கச் சொன்னேன். 3.4 வோல்ட் காட்டியது. எர்த் பாதை நன்றாக இருந்தால் அங்கே ஏறக்குறைய ஒன்றுமே தெரியக் கூடாது.

எர்த் கேபிள் சட்டத்தோடு சேரும் போல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது. கழற்றி வளையத்தைத் தூக்கியபோது அடியில் சுண்ணாம்பு அப்பியதுபோல வெள்ளைப் பொடி படிந்திருந்தது. ஈரம் பட்ட இடத்தில் செம்பும் அலுமினியமும் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கப்படும். அந்த ஆக்ஸைடு மின்சாரத்தைக் கடத்தாது. கம்பி பிரஷ்ஷால் உலோகம் மின்னும் வரை தேய்த்து, பல் வாஷர் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் பூசினேன். மிதித்ததும் என்ஜின் பிடித்துக்கொண்டது. எந்தக் குறையும் இல்லாத அசல் ஸ்டார்ட்டர் அதற்குள் கைவிட்டுப் போயிருந்தது. பதிலாக வந்ததோ மட்டமான நகல்.

இந்தக் கோளாறு ஏன் கண்ணில் படுவதில்லை? மின்னோட்டம் இல்லாதபோது, கேபிளில் ஒரே ஓர் இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட்டைத்தான் காட்டும். ஓம் வைத்து அளந்தாலும் பயன் இல்லை. நூறு ஆம்பியர் ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். 0.03 ஓம் தடை இருந்தாலே மூன்று வோல்ட் அங்கே கரைந்துவிடும். சாதாரண மல்டிமீட்டரால் 0.03 ஓமை நம்பகமாக அளக்க முடியாது. ஆகவே மிதித்துக்கொண்டேதான் அளக்க வேண்டும். கரைகிற அந்த மூன்று வோல்ட் முன்னூறு வாட் சூடாக அதே இணைப்பில் இறங்குகிறது. நாலைந்து முறை மிதித்துவிட்டு ஒவ்வோர் இணைப்பின் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். அனல் அடிக்கும் இடத்தில்தான் கோளாறு.

இன்னொரு விஷயம். என்ஜின் ரப்பர் மவுண்ட்டுகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. எர்த் கேபிளைத் தவிர சட்டத்தோடு அதற்கு நல்ல மின்தொடர்பு கிடையாது. அந்தக் கேபிள் கெட்டுப்போனால் மின்சாரம் ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகவோ கியர் கேபிள் வழியாகவோ திரும்பிப் போகப் பார்க்கும். மிதிக்கும்போது அந்தக் கேபிள்களின் உறை சூடானாலோ உருகினாலோ ஸ்டார்ட்டரைத் தொட வேண்டாம். எர்த் கேபிளைப் பாருங்கள்.

அளக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பின் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டு வையுங்கள். என்ஜின் பிடித்துவிடாமல் இருக்க ஸ்பார்க் பிளக்கின் மூடியைக் கழற்றி, அதில் வேறொரு பிளக்கைச் செருகி, அந்தப் பிளக்கின் உடம்பு என்ஜினோடு தொடும்படி கட்டிவிடுங்கள். மூடியை அந்தரத்தில் தொங்கவிட்டால் இக்னிஷன் பகுதி பழுதாகலாம். பிறகு ஒவ்வொரு கேபிளின் இரு முனைகளுக்கும் இடையே அளந்துகொண்டே வாருங்கள். ஒரு கேபிளில் 0.2 வோல்ட் வரை பொறுக்கலாம். எர்த் பாதை முழுவதும் சேர்ந்து அரை வோல்ட்டைத் தாண்டினால் அதைச் சரிசெய்யாமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். கேபிளை வளைத்தும் பாருங்கள். கேபிளின் நுனியில் உள்ள உலோக வளையம் (லக்) சேரும் இடம் விறைத்துக் கிடந்தால் உறையைக் கொஞ்சம் கீறுங்கள். செப்பு இழைகளில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். அதைத் தேய்த்துச் சரிசெய்ய முடியாது, கேபிளையே மாற்ற வேண்டும்.

ஸ்க்ரூடிரைவரால் சோலனாய்டுக்குப் பாலம் போடுவது

செய்யாதீர்கள். கியர் விழுந்திருந்து என்ஜின் பிடித்துக்கொண்டால், வண்டி குனிந்து நிற்கிற உங்கள் மேலேயே ஏறும்.

சத்தமே இல்லாதபோது பேட்டரியை மாற்றுவது

முகப்பு விளக்கு பளிச்சென்று எரிகிறது, மிதித்தால் க்ளிக் இல்லை என்றால் கோளாறு பெரும்பாலும் மெல்லிய வயர்களில் இருக்கும். சோலனாய்டின் சிறிய முனைகளிலிருந்து பின்னோக்கிப் போங்கள். மிதித்தபடி ஒரு முனைக்கு 12 வோல்ட் வருகிறதா, மறுமுனைக்கு எர்த் சரியாக இருக்கிறதா என்று இரண்டையும் பாருங்கள். முதலாவதை மட்டும் பார்த்துவிட்டுச் சோலனாய்டு போய்விட்டது என்கிறவர்கள் அதிகம். 12 வோல்ட் வரவில்லை என்றால் ஃபியூஸ், சாவி சுவிட்ச், பெடல் மைக்ரோ சுவிட்ச், சில மாடல்களில் முன்-பின் நெம்புகோலோடு சேர்ந்த சுவிட்ச் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பெடல் சுவிட்ச் தரைக்கு அருகே மண்ணும் ஈரமும் படும் இடத்தில் இருப்பதால் நான் முதலில் கை வைப்பது அதில்தான். குளிர்காலம் முழுவதும் கொட்டகையில் நின்ற வண்டியென்றால் இருக்கைக்கு அடியில் எலி கடித்த வயர் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

பெல்ட்டை மறப்பது

ஸ்டார்ட்டர் சுழன்றும் என்ஜின் சுழலவில்லை என்றால் பெல்ட் தளர்ந்திருக்கிறது. இறுக்குங்கள்.

குறிக்காமல் வயரைக் கழற்றுவது

ஸ்டார்ட்டர்-ஜெனரேட்டரில் ஏ1, ஏ2, எஃப்1, எஃப்2, டிஎஃப் என்று முனைகள் இருக்கும். எஃப்1, எஃப்2 இரண்டும் இடம் மாறினால் மோட்டார் எதிர்த்திசையில் சுழலும். டிஎஃப் வயர், சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டருக்குப் போவது. அது விடுபட்டால் வண்டி நன்றாகவே கிளம்பும், சார்ஜ் மட்டும் ஏறாது. கழற்றும் முன் படம் எடுங்கள், வயரில் நாடாவும் ஒட்டுங்கள்.

கிளம்பியதும் மீட்டரை எடுத்து வைப்பது

என்ஜின் பிடித்த மகிழ்ச்சியில் பலர் இருக்கையை மூடிவிடுகிறார்கள். ஸ்டாண்டு மேல் இருக்கும்போதே, என்ஜின் மிதமான வேகத்தில் ஓட, பேட்டரியின் இரு முனைகளிலும் அளந்து பாருங்கள். 13.5 வோல்ட்டுக்கு மேல் ஏறி, 14.7-ஐ ஒட்டி நிற்க வேண்டும். 12.4 என்று தொடங்கி மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே போனால் சார்ஜ் ஏறவில்லை. முதலில் டிஎஃப் வயரைப் பாருங்கள். பிறகு ரெகுலேட்டருக்கு எர்த் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அதன் பின்னும் சரியாகவில்லை என்றால்தான் கார்பன் பிரஷ்களைப் பார்க்க ஸ்டார்ட்டர்-ஜெனரேட்டரைத் திறக்க வேண்டும்.