நாய் குறுக்கே வந்தால் ஸ்டியரிங்கை ஒடிக்காதீர்கள்

பெங்களூரில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். அல்சூர், மர்பி டவுன், ஈஜிபுரா பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளும், மதுரை, சேலத்திலிருந்து ஐடி வேலைக்கு வந்தவர்களும்தான் அதிகம் வருவார்கள். லைசென்ஸ் எடுத்த பிறகும் சிலர், “அண்ணா, ஹைவே பழகணும், கூட உட்காருங்க” என்று கூப்பிடுவார்கள். வருகிற ஆட்கள் மாறுகிறார்கள். நாயோ மாடோ குறுக்கே வந்ததும் செய்கிற தப்பு மட்டும், எங்கள் காலத்தில் நாங்கள் செய்தது அப்படியே இருக்கிறது.

இந்த ஊரில் இது எப்போதோ நடக்கிற விஷயமும் இல்லை. 2023-ல் மாநகராட்சி எடுத்த கணக்கில் தெருநாய்கள் மட்டும் சுமார் 2.79 லட்சம். மாடுகள் தனி.

வேகமாகப் போகாதே, போனைப் பார்க்காதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் செய்கிற தப்புகளுக்கு வருகிறேன்.

ஸ்டியரிங்கை ஒடிப்பது

பயிற்சி வண்டியில் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் மறந்தால் நான் மிதித்துவிடுவேன். ஸ்டியரிங் ஒன்றுதான், அது அவர் கையில் இருக்கிறது. மற்ற எந்தத் தப்பையும் பொறுத்துக்கொள்ளும் எனக்கு, இந்த ஒன்றைப் பார்த்தால் இன்னும் ஆத்திரம் வருகிறது.

கனகபுரா ரோட்டில் ஒரு காலை வகுப்பு. மீடியன் இடைவெளியிலிருந்து ஒரு நாய்க்குட்டி எட்டிப்பார்த்தது, இரண்டடி முன்னால் வந்தது. “அய்யோ!” என்று, ஓட்டிக்கொண்டிருந்த பெண் ஸ்டியரிங்கை இடது பக்கம் முழுசாக ஒடித்துவிட்டார். பிரேக்கில் அவர் கால் படவே இல்லை. நான் மிதித்தேன். வண்டி கோணலாகத் திரும்பி, ஓரத்தில் உட்கார்ந்து கனகாம்பரம் கட்டிக்கொண்டிருந்த அம்மாவின் கூடையைத் தொட்டபடி நின்றது. அவர் விரலில் சுற்றிய நார் அப்படியே இருந்தது. எழுந்திருக்கக்கூட நேரம் இல்லை. குட்டி அதற்கு முன்பே மீடியனுக்குத் திரும்பிப் போயிருந்தது.

“குட்டி பாவம் அண்ணா, அதான்...” என்றார்.

“அந்த அம்மாவைப் பார்த்தியாம்மா?”

பார்க்கவில்லை. யாருமே பார்ப்பதில்லை. கண் நாயின் மேல் நிற்கும், கை தானாகத் திரும்பும். இடது பக்கம் ஸ்கூட்டர் வருகிறதா, நடப்பவர் இருக்கிறாரா என்பது நாய் வருவதற்கு முன்பே கண்ணாடியில் பார்த்து வைத்திருந்தால்தான் தெரியும். வந்த பிறகு பார்க்க அவகாசம் கிடையாது. 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் ஓடுகிறது. வலது பக்கம் ஒடித்தால் மீடியன், அல்லது எதிரே வருகிற பஸ்.

இன்னொன்று, நாய் எந்தப் பக்கம் ஓடும் என்று நாய்க்கே தெரியாது. பாதி வந்து திரும்பும், நடுவில் நிற்கும். நீங்கள் ஒடிக்கிற பக்கமே அதுவும் ஓடினால் நேராகப் போயிருந்தால் தப்பியிருக்கக்கூடிய உயிரும் போய்விடும்.

டயருக்கு இருக்கிற பிடிமானத்துக்கும் அளவு உண்டு. ஒரே சம்பளத்தில் வாடகையும் கொடுத்து சீட்டும் கட்டுகிற மாதிரி, அதே பிடிமானத்தில்தான் நிற்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். ஒடிப்பதற்கு நிறையச் செலவழித்தால் நிற்பதற்கு மிச்சம் இருக்காது. முதல் மழையில், ரோட்டில் எண்ணெய் மிதக்கும்போது, இது இன்னும் மோசம். உயரமான எஸ்யூவி என்றால் கவிழவும் செய்யும்.

செய்ய வேண்டியது இதுதான். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் நேராகப் பிடித்து, பிரேக்கை முழு பலத்தோடு மிதியுங்கள். கிளட்ச் கடைசியில். காய்ந்த ரோட்டில் 40-ல் போனால், சுதாரிக்கும் ஒரு நொடியையும் சேர்த்து, 20 மீட்டருக்குள் நின்றுவிடலாம். 60 என்றால் 37 மீட்டர் வரை ஆகும். தெருநாய்கள் கூடுகிற இறைச்சிக் கடை, குப்பை மேடு, கையேந்தி பவன் பக்கமெல்லாம் நான் 40-க்குக் கீழே ஓட்டச் சொல்வது இதனால்தான்.

“அப்ப நாய் மேல ஏத்திடறதா அண்ணா?” என்று கேட்பார்கள். வருத்தத்தோடு கேட்கிற கேள்வி. எனக்கும் அந்த வருத்தம் உண்டு. நாயைக் காப்பாற்றுவதும் பிரேக்தான். 60-ல் இருந்து 30-க்கு இறங்கினாலே மோதலின் சக்தி நாலில் ஒரு பங்காகிவிடுகிறது. அது பிழைக்க வாய்ப்பு இருக்கிறது. நிற்கவே முடியாவிட்டாலும் உங்கள் லேனிலேயே நேராகப் போங்கள். பின்னால் வருகிறவர் மனிதர்.

மாடு, குதிரை விஷயம் கொஞ்சம் வேறு. பம்பர் காலில் அடிக்கும், முந்நூறு கிலோ உடம்பு கண்ணாடி மேல் வந்து விழும். அங்கேயும் முதலில் பிரேக். வேகம் நன்றாகக் குறைந்த பிறகு, பக்கத்தில் யாரும் இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும், வால் பக்கமாகக் கொஞ்சம் விலகுங்கள். மாடு பெரும்பாலும் முன்னால்தான் நகரும். ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் வசதி) இல்லாத பழைய வண்டி என்றால், சக்கரம் லாக் ஆகியிருக்கும்போது ஸ்டியரிங் கேட்காது. பிரேக்கைக் கொஞ்சம் விட்டுத்தான் திருப்ப முடியும்.

பெடல் துடித்ததும் காலை எடுப்பது

ஏபிஎஸ் வேலை செய்யும்போது பெடல் காலுக்கடியில் கடகடவென்று துடிக்கும். ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிடுகிறார்கள். எடுக்காதீர்கள், மிதித்தபடியே இருங்கள். காலி மைதானத்தில் ஒரு தடவை வேண்டுமென்றே சடன் பிரேக் போட்டு அந்தத் துடிப்பைக் காலுக்குப் பழக்கிவிடுங்கள்.

ஹார்ன்

அடிக்கலாம். பிரேக்குக்கு அப்புறம்.

பைக்கில் காலைத் தூக்குவது

துரத்துகிற நாயை உதைக்கப் போய் பேலன்ஸ் தவறி விழுகிறவர்கள்தான் அதிகம். ஹேண்டிலை நேராக வைத்து வேகத்தைக் குறையுங்கள்; ஓடுகிற பொருள் நின்றால் பெரும்பாலும் நாய்க்கும் ஆர்வம் போய்விடும். ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கை இறுக்கவே கூடாது. 125 சிசி வரைக்கும் உள்ள பல ஸ்கூட்டர்களில் இருப்பது சிபிஎஸ், அதாவது ஒரு பிரேக்கைப் பிடித்தால் இரண்டு சக்கரத்திலும் சேர்ந்து பிடிக்கிற ஏற்பாடு. அது சக்கரம் லாக் ஆவதைத் தடுக்காது.

ஒரு மாடு போனதும் கிளம்புவது

பின்னால் கன்று வரும்.

யானையிடம் அவசரம்

ஓசூர் தாண்டி கிருஷ்ணகிரி போகும் வழியில் சானமாவு காட்டுப் பக்கம் யானைகள் ரோட்டைக் கடக்கும். தூரத்திலேயே நிறுத்துங்கள். ஹைபீம் வேண்டாம், ஹார்ன் வேண்டாம், போட்டோ எடுக்க இறங்க வேண்டாம். முன்னால் நகர்ந்து நெருக்காமல், பின்வாங்க இடம் வைத்திருங்கள். பந்திப்பூர் காட்டு வழியில் இரவு 9 முதல் காலை 6 வரை வண்டிகளுக்கு 2009-லிருந்தே தடை இருக்கிறது. காட்டுக்கு முன்னால் வரும் குண்டலுபேட்டையை நேரத்தோடு தாண்டப் பாருங்கள்.

அடிபட்டதும் பதறித் தூக்குவது

ஓரமாக நிறுத்தி நாலு பக்க இண்டிகேட்டரையும் போடுங்கள். வலியில் இருக்கிற நாய் அன்பாகத் தொடுகிறவரையும் கடிக்கும். கனமான துணியையோ சாக்கையோ மேலே போர்த்தித் தூக்குங்கள். மாட்டுக்கு அடிபட்டால் கால்நடை ஆம்புலன்ஸுக்கான 1962-க்கு போன் செய்யலாம். கடியோ கீறலோ பட்டால் சோப்புப் போட்டு 15 நிமிஷம் ஓடுகிற தண்ணீரில் கழுவி, அன்றைக்கே ரேபிஸ் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். வண்டிச் சேதத்தை அப்புறம் பார்க்கலாம். தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும் எடுத்திருந்தால் அதற்குக் காசு வராது.