பேஸ்பால் சீசன் தொடங்கும்போது படிப்பதில் நேரும் தவறுகள்

மார்ச் வந்தால் அமெரிக்கப் புத்தகக் கடைகளில் வாசலை ஒட்டிய மேசை முழுக்க பேஸ்பால் புத்தகங்கள்தான். பழைய ஆட்டக்காரர்களின் வாழ்க்கை, கனமான புள்ளிவிவரத் தொகுப்பு, அந்த வருடத்து அணிகளைப் பற்றிய முன்னோட்டம் என்று எல்லாம் ஒரே நேரத்தில் வந்து இறங்கும். எங்கள் அலுவலகத்துத் தமிழ்ப் பிள்ளைகளில் யாராவது ஓரிருவர் அந்தச் சமயத்தில்தான் இந்த ஆட்டத்தின் பக்கம் வருகிறார்கள். எதைப் படிப்பது, யாரை நம்புவது என்று கேட்பார்கள். சொல்வேன். ஏப்ரல் நடுவில் பார்த்தால், நான் புதிதாகப் படிக்க ஆரம்பித்தபோது செய்த அதே தவறுகளைச் செய்துகொண்டிருப்பார்கள்.

விதிகள் புரியாதது, அணிப் பெயர்கள் குழம்புவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். நாலு ஆட்டம் பார்த்தால் அதெல்லாம் சரியாகிவிடும். வருடக்கணக்கில் படித்தாலும் விடாமல் ஒட்டிக்கொள்பவை வேறு.

பயிற்சி ஆட்டத்தின் எண்கள்

பிப்ரவரி கடைசியிலிருந்து 15 அணிகள் ஃபுளோரிடாவிலும் 15 அணிகள் அரிசோனாவிலும் பயிற்சி ஆட்டங்கள் ஆடும். அதில் எடுக்கும் எதுவும் சாதனைக் கணக்கில் சேராது. பந்து வீசும் பிட்ச்சர் புதிதாகப் பழகும் ஒரே வகைப் பந்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பார், அடி வாங்கினாலும் அவருக்குக் கவலை இல்லை. ஆட்டம் பாதி தாண்டினால் முன்னணி ஆட்டக்காரர்கள் வெளியேறிவிடுவார்கள். அப்புறம் எதிரே நிற்பவர் அந்த வருடம் முழுக்க மைனர் லீக் என்ற கீழ்மட்ட லீக்கில் ஆடப்போகும் பையனாக இருக்கலாம். அரிசோனாவின் வறண்ட காற்றில் பந்து கூடுதல் தூரம் பறக்கும் என்பது தனி விஷயம்.

இரண்டு விஷயங்களுக்காக மட்டும் இந்தச் செய்திகளைப் படிக்கலாம். காயத்திலிருந்து திரும்பிய பிட்ச்சர் எவ்வளவு வேகம் போடுகிறார், மேனேஜர் யாரை எந்த இடத்தில் நிறுத்திப் பார்க்கிறார்.

“அவர் உடம்பு இதுவரை இப்படி இருந்ததே இல்லை”

பிப்ரவரியில் ஒவ்வொரு அணியிலிருந்தும் வரும் செய்தி இது. படிக்காமல் தாண்டுங்கள்.

முன்னோட்ட இதழைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வது

கடையில் கிடைக்கும் முன்னோட்ட இதழும் தடிமனான ஆண்டுத் தொகுப்பும் பயிற்சி முகாம் சூடுபிடிப்பதற்கு முன்பே அச்சுக்குப் போய்விட்டவை. அதன் பிறகு யார் அணி மாறினார்கள், யார் முழங்கைத் தசைநார் கிழிந்து அந்த வருடமே ஆட முடியாமல் போனார்கள் என்பது அதில் இருக்காது. எந்த அணி எத்தனையாவது இடம் பிடிக்கும் என்ற பக்கத்தைத்தான் எல்லோரும் முதலில் புரட்டுகிறார்கள். அந்தப் புத்தகத்தில் சீக்கிரம் பழசாகும் பக்கமும் அதுதான்.

உண்மையில் காசு கொடுத்து வாங்க வேண்டியது பின்பாதிக்காக. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் கடந்த சில வருடங்களின் எண்கள், மைனர் லீக்கில் அவர் எப்படி வளர்ந்தார் என்ற குறிப்பு, வயதுக்கு ஏற்ற கணிப்பு எல்லாம் அங்கே இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் தினசரிச் செய்தியைப் படிக்கும்போது பக்கத்தில் திறந்து வைத்திருக்க வேண்டிய பக்கங்கள் அவை. அடுத்து வரும் தவறுக்கு மருந்தும் அங்கேதான் இருக்கிறது.

“இதே வேகத்தில் போனால்…”

என்னை இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். சீசன் தொடங்கிப் பத்து நாள் ஆகியிருக்காது, தொலைக்காட்சியில் ஒருவர் சொல்வார்: “இதே வேகத்தில் போனால் இவர் இத்தனை ஹோம் ரன் அடிப்பார்.” மறுநாள் பத்திரிகையில் அதே பெருக்கல் கணக்கு தலைப்பாகிவிடும். புதிதாகப் படிக்கிறவர்கள் அதை அப்படியே நம்பிவிடுகிறார்கள்.

2006இல் டெட்ராய்ட் டைகர்ஸ் அணியின் கிறிஸ் ஷெல்டன் முதல் 13 ஆட்டங்களில் 9 ஹோம் ரன் (பந்தை வேலி தாண்டி அடிப்பது, நம் சிக்ஸர் மாதிரி) அடித்தார். முழு சீசனின் 162 ஆட்டத்துக்குப் பெருக்கிப் பாருங்கள், 112 வரும். ஒரு சீசனில் அதிகபட்சச் சாதனையே பேரி பாண்ட்ஸ் 2001இல் அடித்த 73தான். ஷெல்டன் அந்த வருடத்தை 16 ஹோம் ரன்னோடு முடித்தார். நடுவில் மைனர் லீக்குக்கும் அனுப்பப்பட்டார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பதின்மூன்று ஆட்டத்தை வைத்துக்கொண்டு ஒரு மனிதன்மேல் அத்தனை எதிர்பார்ப்பை ஏற்றியவர்கள்தான் தவறு செய்தார்கள்.

1994 தொடக்க நாளில் சிகாகோ கப்ஸ் அணியின் டஃபி ரோட்ஸ், டுவைட் குடன் போட்ட பந்துகளில் மூன்று ஹோம் ரன் அடித்தார். வேலைநிறுத்தத்தால் பாதியில் நின்ற அந்த சீசனில் அவர் மொத்தம் அடித்தது 8. ஆனால் அந்த 8ஐ வைத்து அவரை ஒன்றுமில்லை என்று எழுதியதும் தவறாகப் போனது. ஜப்பானுக்குப் போனவர், 2001இல் 55 ஹோம் ரன் அடித்து, சதஹாரு ஓ 1964இல் வைத்த அந்நாட்டுச் சாதனையைச் சமன் செய்தார்.

கெட்ட ஏப்ரல் இன்னும் அதிகமாக ஏமாற்றும். போன வருடம், நிஜ ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்துக் கற்பனை அணி நடத்தும் எங்கள் அலுவலகத்து ஃபேன்டஸி லீக்கில் மதுரைக்காரத் தம்பி ஒருவர் மூன்றாவது வாரத்திலேயே தன் நம்பகமான பேட்டரைக் கழற்றிவிட்டு, அந்த வாரம் பத்திரிகை கொண்டாடிய ஒருவரை எடுத்தார். “அண்ணா, அவர் முடிஞ்சுட்டார்ணா, பேப்பர்லயே போட்டுட்டாங்க” என்றார். முன்னோட்டப் புத்தகத்தைத் திறந்து அந்த பேட்டரின் நாலு வருடத்து எண்களைக் காட்டினேன். கேட்கவில்லை. கழற்றிவிட்டவரைப் பக்கத்து மேசைக்காரர் எடுத்துக்கொண்டார். அந்த சீசன் தம்பிக்கு அதோடு போயிற்று.

அவருக்கு நான் சொன்ன உதாரணம் டேவிட் ஓர்டிஸ். 2009இல் பாஸ்டனில் அவருடைய முதல் ஹோம் ரன் வந்தது மே 20ஆம் தேதி. அதுவரை அவருடைய காலம் முடிந்துவிட்டது என்று எழுதாதவர்கள் குறைவு. சீசன் முடிந்தபோது 28 ஹோம் ரன் அடித்திருந்தார், தன் அடிகளால் அணிக்கு 99 ரன் கொண்டுவந்திருந்தார். அதற்கு நாலு வருடம் கழித்து, சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான். 1951 மே மாதம் நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு வந்த இருபது வயது வில்லி மேஸ், பேட் பிடித்த முதல் 26 முறையில் ஒரே ஒரு ஹிட்தான் (பந்தை அடித்துவிட்டு அவுட் ஆகாமல் பேஸ் என்ற நிலையை எட்டுவது) எடுத்தார். மேனேஜர் லியோ டுரோஷர் அவரை உட்கார வைக்கவில்லை. அந்த வருடத்தின் சிறந்த புதுமுகம் என்ற விருது மேஸுக்குப் போனது. எல்லாப் பையன்களுக்கும் டுரோஷர் போன்ற மேனேஜர் கிடைப்பதில்லை. ஏப்ரல் தலைப்புச் செய்திகள் அந்தப் பையன்களுக்குச் செய்யும் கெடுதலை நினைத்துத்தான் எனக்கு இதில் இத்தனை கோபம்.

அணிகளும் அப்படியே. 1987இல் மில்வாக்கி புரூவர்ஸ் முதல் 13 ஆட்டத்தையும் ஜெயித்துவிட்டுத் தன் பிரிவில் மூன்றாவது இடத்தில் முடித்தது. 2019இல் வாஷிங்டன் நேஷனல்ஸ் முதல் 50 ஆட்டத்தில் 19தான் ஜெயித்திருந்தது. மேனேஜரை மாற்றச் சொல்லிக் கட்டுரைகள் வந்தன. அதே மேனேஜரோடு அந்த அணி மீதமுள்ள 112இல் 74 ஜெயித்து, உலகத் தொடரையும் வென்றது. 1984 டைகர்ஸ் 35–5 என்று தொடங்கிக் கோப்பையே எடுத்ததே என்று கேட்பீர்கள். சரிதான், அதுவும் நடந்தது. ஆனால் அந்த அணி முந்தைய வருடமே 92 ஆட்டம் ஜெயித்த அணி. தொடக்கத்தை மட்டும் பார்த்தால் எது டைகர்ஸ், எது புரூவர்ஸ் என்று பிரிக்க முடியாது.

ஏன் இப்படி? ஒரு பேட்டர் 50 முறையில் 20 ஹிட் எடுத்தால் ஆவரேஜ் .400. அதில் ஐந்து பந்து ஃபீல்டரின் கைக்கு ஓர் அடி பக்கமாகப் போயிருந்தால் 15 ஹிட், .300. ஒன்று காவிய நாயகனின் எண், மற்றது ஒரு நல்ல ஆட்டக்காரரின் எண். நடுவில் இருப்பது ஐந்து பந்து. போதாததற்கு சிகாகோ, டெட்ராய்ட், மினியாபோலிஸ் மாதிரி ஊர்களில் ஏப்ரல் குளிர்காற்று கனமாக இருப்பதால் பந்து தூரம் போகாது. ஜூலையில் ஹோம் ரன் ஆகும் அடி அப்போது கேட்ச் ஆகிவிடும்.

எந்த எண்ணை எப்போது நம்பலாம் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒருவர் எவ்வளவு அடிக்கடி ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக் விழுந்து அவுட்) ஆகிறார் என்பது சுமார் 60 முறை ஆடியதிலேயே ஓரளவு தெரியும். வாக் (நாலு மோசமான பந்துகளை விட்டு முதல் பேஸுக்கு நடந்து போவது) எடுக்கும் விகிதத்துக்குச் சுமார் 120 வேண்டும். பேட்டிங் ஆவரேஜுக்கு 900க்கும் மேல். முழு சீசன் ஆடுகிறவருக்கே வருடத்துக்கு 600, 700 முறைதான் கிடைக்கும். ஏப்ரலில் எல்லோரும் பேசும் எண்தான் இருப்பதிலேயே நம்பத்தகாத எண்.

இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டவர்களும் ஓரிடத்தில் சறுக்குகிறார்கள். 60ஐத் தாண்டியதும் ஸ்ட்ரைக் அவுட் விகிதம் முழு உண்மை ஆகிவிட்டதாக எழுதுகிறார்கள். அந்த அளவில் ஆட்டக்காரர்களுக்கு இடையே தெரியும் வித்தியாசத்தில் ஏறத்தாழ பாதிதான் திறமை, மீதி தற்செயல். பாதி தெரிந்திருக்கிறது என்பதற்கும் முடிவு தெரிந்துவிட்டது என்பதற்கும் நிறைய தூரம்.

அப்படியானால் ஏப்ரலில் எதைப் பார்ப்பது? பிட்ச்சரின் வேகத்தைப் பாருங்கள், ஆனால் போன வருடம் இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். குளிரில் எல்லோருக்கும் வேகம் கொஞ்சம் குறையும் என்பதால் போன ஆகஸ்ட்டோடு ஒப்பிடக் கூடாது. புதிதாக ஒரு பந்து போட ஆரம்பித்திருக்கிறாரா, பேட்டர் மோசமான பந்துகளை விடக் கற்றுக்கொண்டிருக்கிறாரா, பேட்டிங் வரிசையில் எந்த இடம் கிடைத்திருக்கிறது என்பதைப் பாருங்கள். “ஏப்ரல் 9க்குப் பிறகு” என்று தொடங்கும் வாக்கியத்தைக் கண்டால், 8ஆம் தேதி என்ன நடந்தது என்று தேடுங்கள். பெரும்பாலும் எழுதியவருக்குத் தோதான தேதியாகத்தான் அது இருக்கும்.

கிரிக்கெட் கண்ணோடு படிப்பது

ஆட்ட விவரத்தைப் பாக்ஸ் ஸ்கோர் என்ற சின்னக் கட்டத்துக்குள் அடக்கும் முறையை வளர்த்தவர் ஹென்றி சாட்விக், இங்கிலாந்தில் பிறந்து நியூயார்க்கில் கிரிக்கெட் செய்தி எழுதியவர். அதனால் நமக்குப் பார்த்ததும் பழகியதுபோல் தோன்றும். ஆனால் இங்கே பத்தில் ஏழு முறை தோற்பவர்தான் நட்சத்திரம். ஒரு நாள் ஆட்டத்தை வைத்து யாரையும் எடை போடாதீர்கள்.

நினைவுக் குறிப்புகளைச் சரிபார்க்காமல் மேற்கோள் காட்டுவது

வசந்தகாலத்தில் வரும் பழைய ஆட்டக்காரர்களின் நினைவுக் குறிப்புகள் எனக்கு மிகவும் பிடிக்கும். உடைமாற்றும் அறைப் பேச்சு, ரயில் பயணம், சம்பளச் சண்டை எல்லாம் அவற்றில்தான் கிடைக்கும். ஆனால் எந்த வருடம், எத்தனையாவது இன்னிங்ஸ், யார் பிட்ச்சர் என்ற விவரங்களை அப்படியே எடுத்து எழுதாதீர்கள். ரெட்ரோஷீட் என்ற தன்னார்வ அமைப்பு 1989 முதல் பழைய ஆட்டங்களின் விவரங்களைத் திரட்டி இலவசமாகத் தருகிறது. ஐந்து நிமிட வேலை.

ஒரு முதியவரின் நினைவு எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுன் என்ற ஊரே சாட்சி. 1839இல் ஆப்னர் டபுள்டே அந்த ஊரில் பேஸ்பாலைக் கண்டுபிடித்தார் என்று, அறுபது வருடத்துக்கும் மேல் கழித்து ஒருவர் கடிதம் எழுதினார். ஆட்டத்தின் தோற்றத்தை ஆராய்ந்த மில்ஸ் குழு அதை ஏற்றுக்கொண்டது. டபுள்டே 1839இல் வெஸ்ட் பாயின்ட் ராணுவப் பள்ளியில் மாணவர் என்பதை யாரும் ஒழுங்காகப் பார்க்கவில்லை. 1939இல் பேஸ்பால் புகழ் மண்டபம் அந்த ஊரில்தான் திறக்கப்பட்டது.

ஒரே ஊடகத்தோடு நிறுத்திக்கொள்வது

தேசியக் கட்டுரையாளருக்கு முப்பது அணிகள். உள்ளூர் நிருபருக்கு ஒன்று. பேட்டருக்கு மணிக்கட்டு வலி என்பது முதலில் தெரிவது இரண்டாமவருக்குத்தான்.

1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளினின் எபெட்ஸ் மைதானத்தில், நவீன மேஜர் லீக்கின் முதல் கறுப்பின ஆட்டக்காரரான ஜாக்கி ராபின்சன் டாட்ஜர்ஸ் அணிக்காக முதல் ஆட்டம் ஆடினார். பாக்ஸ் ஸ்கோரில் மூன்று முறை ஆடி ஹிட் இல்லை. ஆனால் ஏழாவது இன்னிங்ஸில் பண்ட் அடித்து (பந்தை மெல்லத் தட்டிவிட்டு) ஓடி, எதிரணியின் தவறால் பேஸில் நின்று, அணியை முந்த வைத்த ரன்னை எடுத்தவர் அவர். வெள்ளையர்களின் பெரிய பத்திரிகைகள் பல அந்த நாளை இன்னொரு தொடக்க ஆட்டமாகவே எழுதிவிட்டுப் போயின. கறுப்பினத்தவரின் பத்திரிகைகள், முக்கியமாக வென்டல் ஸ்மித் எழுதிய பிட்ஸ்பர்க் கூரியர், நடந்தது என்ன என்பதை முழுதாகச் சொன்னது. ஸ்மித் அவரோடு கூடவே பயணம் செய்தார். அந்த மாதக் கடைசியில் ராபின்சன் 20 முறை தொடர்ந்து ஹிட் இல்லாமல் தவித்தார், முடிவில் .297 ஆவரேஜோடு முதல் புதுமுக விருதை வாங்கினார். அந்த வாரங்களின் நியூயார்க் நாளிதழ் ஒன்றையும் கூரியரையும் நூலக ஆவணத்தில் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.