வெளிநாட்டுப் பிள்ளைக்கு வீடு பிடிப்பது எப்படி

சென்னையில் வாடகைக்கு வீடு பிடிப்பதைவிடக் கஷ்டமான வேலை ஒன்று இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து பரிமாற்றத் திட்டத்தில் வரும் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு குடும்பத்தைப் பிடிப்பது. வாடகை வீட்டுக்காவது அட்வான்ஸ் நீட்டலாம். இங்கே நீட்ட நம் கையில் ஒன்றுமில்லை. ஏஎஃப்எஸ், ரோட்டரி மாதிரியான திட்டங்களில் பொதுவாகப் பிள்ளையை வைத்துக்கொள்ளும் குடும்பத்துக்குப் பணம் கிடையாது. மேற்கு மாம்பலத்தில் இருந்துகொண்டு ஒன்பது வருடமாக நானும் சும்மாதான் இந்த வேலையைச் செய்கிறேன்.

முதலில் யாரைக் கேட்பது? அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் கும்பிடு பொம்மைகள் நிறைய வரும், வீடு வராது. நான் தேடுவது ஒரே மாதிரி வீட்டைத்தான்: மூத்தது போன வருடம் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போயிருக்க வேண்டும். அங்கே ஒரு கட்டில் காலி. அதைவிட முக்கியம், அந்த அம்மாவுக்கு இன்னும் அளவு பிடிபட்டிருக்காது, தினமும் இரண்டு கரண்டி மாவு கூடுதலாகக் கரைப்பார். இளையது எட்டாவதோ ஒன்பதாவதோ படித்தால் இன்னும் நல்லது. பிளஸ் டூ பிள்ளை இருக்கும் வீட்டுப் படியை மிதிக்கவே வேண்டாம். இப்படிப்பட்ட வீடுகளை எனக்குக் காட்டிக்கொடுப்பது பாட்டு கிளாஸ் வாசலில் காத்திருக்கும் அம்மாக்களும், காலையில் நாகேஸ்வரராவ் பார்க்கில் நடப்பவர்களும்தான்.

பிள்ளைகள் பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் வருவார்கள். அதற்காக மே மாதம் போய்க் கேட்காதீர்கள். கத்திரி வெயிலில், தண்ணி லாரிக்குக் குடத்தோடு நிற்பவரிடம் விருந்தாளி பேச்சு எடுபடாது. பொங்கல் முடிந்ததும் காதில் போட்டு வையுங்கள். ஏப்ரலில் பரிட்சை முடிந்த கையோடு வீட்டுக்குப் போங்கள்.

போனால் ஹாலில் உட்காரக் கூடாது. இதுதான் எனக்குத் தெரிந்த ஒரே தொழில் ரகசியம். ஹாலில் ஐயா இருப்பார். “தாராளமா வரட்டும்மா, அதிதி தேவோ பவ” என்பார். அதை நம்பிக் கிளம்பினால் இரண்டு நாளில் போன் வரும்: ஊரிலிருந்து மாமியார் வருகிறார், பெயின்ட் அடிக்கப் போகிறோம் என்று. அதனால் தண்ணீர் கேட்கிற சாக்கில் சமையல்கட்டுக்குப் போய்விடுவேன். ஒருமுறை திருவான்மியூரில் ஒரு அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டே நான் சொன்னதையெல்லாம் கேட்டார். தலை நிமிரவில்லை. சரி, இது ஆகாது என்று எழுந்தேன். கத்தியை வைத்துவிட்டு, “அந்தப் பொண்ணுக்குக் காலைல என்ன குடுக்கணும்? இட்லி தின்னுமா?” என்றார். இந்தக் கேள்வி வந்துவிட்டால் வீடு கிடைத்த மாதிரி. மாறாக, “எங்க பையனுக்கு அமெரிக்கால சீட் கிடைக்க அவங்க அப்பா உதவுவாரா?” என்ற கேள்வி வந்தால் காபியைக் குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

கஷ்டத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆரம்பத்தில் ஒரு வீட்டில், “உங்களுக்கு ஒரு வேலையும் இருக்காது, நாலாவது தட்டு வைக்கிற மாதிரிதான்” என்று அளந்துவிட்டேன். வந்த பெண்ணைப் பாட்டியின் அறையில் போட்டார்கள். பாட்டி நாலரை மணிக்கு சுப்ரபாதம் வைப்பார். அவளுக்குத் தூக்கம் போச்சு, அப்புறம் சாப்பாடும் போச்சு. மூன்றாவது வாரம் ராத்திரி பதினோரு மணிக்கு என்னைக் கூப்பிட்டு அந்த அம்மா அழுதார், “நான் பட்டினி போடறேன்னு நினைப்பாங்களே” என்று. தப்பு அவர் மேல் இல்லை, என் வாய் மேல். இப்போதெல்லாம் போனதுமே சொல்லிவிடுவேன்: காரம் பழக ஒரு மாதம் ஆகும், கதவைச் சாத்திக்கொண்டு உட்காரும், அது கோபம் இல்லை, வீட்டு நினைப்பில் அழும், வருகிற நாளில் பாத்ரூமில் குவளை எதற்கு என்று நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும்.

மாட்டுக்கறிக் கேள்வி கட்டாயம் வரும், பெரும்பாலும் பாட்டியிடமிருந்து. மழுப்பாதீர்கள். சைவ வீடு என்றால் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவோம், வீட்டுக்குள் வீட்டு வழக்கம்தான் என்று சொல்லுங்கள். பாட்டி சம்மதிக்காத வீட்டில் பிள்ளையைச் சேர்க்காதீர்கள், பகல் முழுக்க வீட்டில் இருப்பவர் அவர்தான்.

வீட்டைச் சோதிப்பதில் கூச்சம் பார்க்கக் கூடாது. பிள்ளைக்குத் தனிக் கட்டில் வேண்டும். வீட்டில் உள்ள பெரியவர்கள் எல்லோரையும் பற்றி விசாரிக்க வேண்டும். சொல்லிவிட்டு ஒருமுறை, சொல்லாமல் ஒருமுறை போய்ப் பார்ப்போம். இதையும் முதலிலேயே சொல்லுங்கள். “எங்களையே சந்தேகப்படறீங்களா?” என்று முகம் சுருங்கினால், “உங்க பொண்ணை முன்பின் தெரியாத ஊருக்கு அனுப்பினா நீங்க என்ன கேப்பீங்க?” என்பேன். இன்றுவரை யாரும் அதற்குப் பதில் சொன்னதில்லை.

வாடகை வீடு என்றால் ஓனரிடம் முன்பே ஒரு வார்த்தை. வெளிநாட்டவர் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் தகவல் கொடுக்க வேண்டும். சி ஃபார்ம் என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். சாஸ்திரி பவனில் இருக்கும் வெளிநாட்டவர் பதிவு ஆபீஸ், போலீஸ் என்றெல்லாம் கேட்டதும் ஐயாக்கள் பயந்துவிடுவார்கள். பக்கத்தில் உட்கார்ந்து நானே நிரப்பித் தருகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

ஒரு வீடு கிடைத்து அந்த வருடம் முடிந்துவிட்டால், அடுத்த வீட்டுக்கு அந்த அம்மாவையே கூட்டிக்கொண்டு போங்கள். நான் போன வருடம் திருவான்மியூர் அம்மாவை நங்கநல்லூருக்கு அழைத்துப் போனேன். உட்கார்ந்ததும் புலம்ப ஆரம்பித்தார்: ஈரத் துண்டைக் கட்டில் மேலேயே போடுவாள், ரசத்தைக் கப்பில் ஊற்றி டீ மாதிரி குடிப்பாள், செவ்வாய்க்கிழமை நகம் வெட்டுவாள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அப்புறம் போனை எடுத்து, மார்கழியில் அந்தப் பெண் கோணல்மாணலாகப் போட்ட புள்ளிக் கோலத்தைக் காட்டினார். இரண்டு பேரும் போனை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பேசினார்கள். நான் வாயே திறக்கவில்லை. இரண்டாவது காபி வந்தது, வாங்கிக்கொண்டேன்.