பழைய மாட்டுக் கொட்டகைக்கு அகல வாசல் வைக்கிறீர்களா?

குடியாத்தம், அணைக்கட்டு பக்கம் மாடு இல்லாமல் சும்மா கிடக்கும் கொட்டகைகள் நிறைய. டிராக்டர் நிறுத்தவோ நெல் மூட்டை அடுக்கவோ அதற்கு எட்டடி, பத்தடி வாசல் வேண்டும். எங்கள் கொட்டகையில் கொத்தனார் வந்ததும் சுவரை இடிக்கக் கடப்பாரையைத் தூக்கினார். நல்லவேளை, அப்பா தடுத்துவிட்டார்.

முதலில் இடிக்கக் கூடாது, உத்தரத்தைத்தான் முதலில் ஏற்ற வேண்டும். பழைய சுவர் பெரும்பாலும் மண் சாந்து. விரலால் சுரண்டினாலே பொலபொலவென்று உதிரும். அதனால் ஓட்டுக்கூரையின் பனஞ்சட்டங்களுக்கு இரண்டு பக்கமும் முட்டுக் கொடுங்கள். வாசலுக்கு மேலே சுவரின் பாதித் தடிமனுக்கு மட்டும் நீளமாகக் காடி (பள்ளம்) வெட்டி, ஒரு இரும்பு உத்தரத்தைச் செருகி, இடைவெளியைச் சிமெண்ட் கலவையால் இறுக அடையுங்கள். அது இறுகிய பிறகு மறுபக்கமும் அப்படியே. அப்புறம்தான் கீழே உள்ள சுவரை மேலிருந்து ஒவ்வொரு வரியாக எடுக்க வேண்டும்.

உத்தரத்தின் இரு முனையும் முக்கால் அடியாவது சுவரில் உட்கார வேண்டும். அந்த இடத்தில் மண் சாந்தை நம்பாதீர்கள், உத்தரம் ஏற்றும் முன்பே கான்கிரீட் திண்டு போடுங்கள். வேலூர் வெயிலில் அது சீக்கிரம் காய்ந்து வெடிக்கும். ஏழு நாளாவது ஈரச் சாக்கு போட்டு வையுங்கள்.

மூலையை ஒட்டி வாசல் வேண்டாம், இரண்டு மூன்றடி விடுங்கள். உத்தரத்தின் அளவை மட்டும் ஒரு இன்ஜினியரிடம் கேட்டுவிடுங்கள்.